மூலம் தெரியாத குதிரை: குட்டி எடுக்கலாமா, கூடாதா?

சில மாதங்களுக்கு முன்னர் கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் நெடுந்தீவைச் சேர்ந்தவர். என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நான் பத்திரிகையில் சேர்ந்த காலத்தில் அவருடைய தகப்பனார் எனக்குப் பழக்கமானார். தீவுப் பகுதிச் செய்தி சேகரிக்கச் செல்லும்போதெல்லாம் அவர் வீட்டுத் திண்ணையில்தான் எனக்குச் சாப்பாடு. அந்தப் பெரியவர் காலமாகி இரண்டு வருடங்கள் ஆகிவிட்டன.

"அண்ணை, ஒரு விசயம் கேட்கவேணும். அப்பாவின்ர குதிரைக்குக் குட்டி எடுக்கலாமோ?"

அரசியல் கட்டுரை எழுதும் என்னிடம் உலகெங்கும் உள்ள வாசகர்கள் பலவற்றைக் கேட்பதுண்டு. குதிரைக்கு இனவிருத்தி ஆலோசனை கேட்டவர் இவர் ஒருவர்தான். சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் கேட்டவரின் குரல் சிரிப்புக்கு இடம் தரவில்லை.

விபரம் இதுதான். கடுமையான வறட்சி நிலவிய ஓர் ஆண்டில், தாய் செத்துக் கிடக்க அதன் பக்கத்தில் நின்ற ஒரு பெட்டைக் குட்டியைப் பெரியவர் கண்டெடுத்து வந்து, ஆட்டுப் பாலும் கஞ்சித் தண்ணீரும் பருக்கி வளர்த்தார். அது வளர்ந்து அவருடைய வண்டியையும் இழுத்தது. அவருடைய கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போக இறங்குதுறை வரை அவரைக் கொண்டுபோய் விட்டதும் அதுவே. இப்போது வீட்டில் தாயார் தனியே. கூடவே அந்தக் குதிரை. மகனுடைய விருப்பம், அப்பாவின் குதிரையின் வம்சம் அதோடு முடிந்துவிடக் கூடாது என்பது. அதற்காக நுவரெலியாப் பக்கத்திலிருந்து பந்தயத்தில் ஓடி ஓய்ந்த ஒரு நல்ல சாதிப் பொலிக்குதிரையைக் கொண்டுவந்து சேர்க்கலாம் என்று யாரோ ஒரு தரகர் அவருக்கு யோசனை சொல்லியிருக்கிறார். செலவு முழுவதும் தானே தருவதாக மகன் சொன்னார். பிறக்கும் குட்டிகளை ஹொட்டேல்காரருக்கு விற்கலாம் என்பது தரகர் சேர்த்துக்கொண்ட பின்னிணைப்பு.

"ஆனால் ஒரு பயம் அண்ணை. இதின்ர மூலம் ஒருத்தருக்கும் தெரியாது. அப்பிடியானதில குட்டி எடுக்கிறது சரியோ?"

உடனே பதில் சொல்லாமல் ஒரு மாத அவகாசம் கேட்டேன். நான் மிருக வைத்தியன் அல்லன். எனக்குத் தெரிந்த மிருக வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், நூலகத்தில் கிடைத்தவற்றைப் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். முடிவு மாத்திரம் என்னுடையது.

நெடுந்தீவைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சில வரிகள். யாழ்ப்பாணத் தீவுகளில் பரப்பளவால் பெரியவற்றுள் ஒன்று அது. ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். 1985 மே 15 ஆம் திகதி குமுதினிப் படகில் நடந்த படுகொலையின் பின்னர் அந்தக் கடல்வழி எங்கள் தலைமுறையினருக்கு வெறும் பிரயாண வழியாக இருந்ததில்லை. கரையில் இறங்கினால் பவளக்கற்களை அடுக்கிக் கட்டிய மதில்கள், பனைகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, ஆபிரிக்காவிலிருந்து வந்த பெருக்க மரம். தெற்கே வெளிகளில் குதிரைகள். அவை கூட்டம் கூட்டமாக, கடிவாளமின்றித் திரியும். சில நூறு இருக்கும்.

போர்த்துக்கேயர் தீவுகளில் குதிரைகளை விட்டு வளர்த்தனர். ஒல்லாந்தர் அதனை ஒரு வருமானத் துறையாகவே நடத்தினர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் லெப்டினன்ட் நோலன் என்ற பிரித்தானியப் படையதிகாரி தீவுக்குப் பொறுப்பாக இருந்து அந்த வேலையைத் தொடர்ந்தார். குதிரை லாயத்தின் கற்றூண்கள் இன்றும் நிற்கின்றன. வளர்த்தவர்கள் போனார்கள். குதிரைகள் போகவில்லை. அவற்றுக்குத் தீனி வைக்கவும் ஆளில்லை, இது இன்னதன் குட்டி என்று ஏட்டில் எழுதவும் ஆளில்லை. அரபு தேசத்துக் குதிரையின் இரத்தமும் ஐரோப்பியக் குதிரையின் இரத்தமும் இந்தியத் துறைமுகங்களில் வாங்கிய மட்டக்குதிரையின் இரத்தமும் அவற்றில் எந்த அளவில் கலந்தன என்பதற்குப் பதிவேடு கிடையாது. ஆக, நண்பரின் குதிரை மாத்திரமல்ல, அந்தத் தீவின் குதிரைகள் யாவுமே மூலம் தெரியாதவைதான்.

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொண்டே மற்ற எல்லா மூலங்களையும் துருவிப் பார்க்கும் சமூகம் எங்களுடையது. பத்திரிகை அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைப் பதிப்பின் 'மணமகன் தேவை, மணமகள் தேவை' விளம்பரங்களை ஒப்புநோக்கும் வேலை எனக்கு ஒரு வருடம் தரப்பட்டது. பெண்ணின் பெயர் இராது. அவள் என்ன படிக்க விரும்புகிறாள் என்பது இராது. குலம் மாத்திரம் முதல் வரியில் இருக்கும். குதிரை வளர்ப்போரின் பதிவேட்டைப் படித்தபோது அந்த விளம்பரப் பக்கங்களே என் நினைவுக்கு வந்தன. அது நிற்க.

குதிரைக்குக் குலவரலாறு எழுதும் வழக்கத்தை அராபியர் வாய்மொழியாக நெடுங்காலம் பேணினர். அச்சில் ஏற்றியவர்கள் ஆங்கிலேயர். பந்தயக் குதிரைகளுக்கான பொதுப் பதிவேட்டின் முதல் வடிவத்தை ஜேம்ஸ் வெதர்பி 1791 இல் வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஓடும் 'தரோபிறெட்' என்னும் பந்தயச் சாதியின் ஆண்வழி முழுவதும் மூன்றே மூன்று குதிரைகளில் சென்று முடிகிறது. அந்த மூன்றில் ஒன்று கொடொல்பின் அரேபியன்.

இங்குதான் வேடிக்கை. இந்தக் கொடொல்பின் அரேபியனின் மூலம் யாருக்கும் தெரியாது. 1724 ஆம் ஆண்டளவில் பிறந்தது என்பர். யேமன் என்பார் சிலர், தூனிஸ் என்பார் சிலர். அது அராபியக் குதிரையே அல்ல, வட ஆபிரிக்காவின் பார்ப் இனம் என்று வாதிடுவோரும் உளர். பாரிஸ் தெருவில் தண்ணீர் வண்டி இழுத்ததாக ஒரு கதை உண்டு. அது கட்டுக்கதையாகவே இருக்கவேண்டும். ஆனால் கட்டுக்கதை பிறக்குமளவுக்கு அதன் பூர்வீகம் வெறுமையாக இருந்தது என்பது உண்மை. உலகிலேயே மிகக் கண்டிப்பான குலப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் மூலம் தெரியாத ஒரு குதிரை நிற்கிறது.

இன்னொன்று அமெரிக்காவில். 1789 இல் மசாசுசெற்ஸில் பிறந்த ஓர் ஆண்குதிரை, ஜஸ்ரின் மோர்கன் என்ற பள்ளி ஆசிரியருக்கு ஒரு கடனுக்கு ஈடாக வந்து சேர்ந்தது என்பர். 'பிகர்' என்று பெயர். உயரம் குறைவு. வேர்மொன்ற் மாநிலத்தில் அது மரக்குற்றி இழுத்தது, ஏர் உழுதது, வண்டியில் ஓடியது, பந்தயத்தில் வென்றது. அதன் தந்தை எது என்பதில் இன்றுவரை தகராறு உண்டு. ஆனால் அதற்குப் பிறந்த குட்டிகள் யாவும் அதைப்போலவே இருந்தன. தாய் எத்தகையதாக இருந்தாலும் குட்டி தகப்பனை உரித்து வைத்திருந்தது. இன்று மோர்கன் என்பது ஒரு தனிச் சாதி. 1821 இல் அது இறக்கும்போது அதனைப் பெரிதாக மதித்தவர்கள் அதிகம் இல்லை.

பதிவேட்டை மாத்திரம் நம்பினால் என்ன நேரும் என்பதற்கும் ஓர் எடுத்துக்காட்டு இருக்கின்றது. 1913 இல் ஆங்கிலேயப் பதிவேட்டுக்காரர் ஒரு விதி செய்தனர். ஒவ்வொரு முன்னோரும் ஏற்கெனவே தங்கள் ஏட்டில் இருந்தாலன்றிப் புதிய குதிரை எதுவும் ஏட்டில் ஏறாது என்பதே அது. அமெரிக்கக் குதிரைகள் வந்து குவிந்துவிடும் என்ற அச்சமே அதற்குக் காரணம். ஜேர்சிப் பிரபுவின் பெயரால் அது வழங்கப்பட்டது. முப்பத்தாறு வருடங்கள் அந்த விதி நின்றது. அதற்கிடையில் 'கலப்பு' என்று ஒதுக்கப்பட்ட குதிரைகள் இங்கிலாந்தின் பெரும் பந்தயங்களையே வெல்லத் தொடங்கிவிட்டன. வெற்றிக் கம்பத்தை முதலில் தாண்டுவது ஏடு அல்ல, குதிரை என்பதை ஒப்புக்கொண்டு 1949 இல் விதியைத் தளர்த்தினர்.

இவற்றைப் படித்ததும் நண்பரை அழைத்து 'தாராளமாகச் செய்' என்று சொல்லிவிடத்தான் எனக்கும் தோன்றியது. ஒரு கட்டுரைக்கு அது நல்ல முடிவாகவும் இருந்திருக்கும். ஆனால் மிருக வைத்தியர் என்னை விடவில்லை.

அவர் சொன்னது நியாயம். வென்ற குதிரையின் கதையை மாத்திரமே உலகம் எழுதி வைத்திருக்கிறது. மூலம் தெரியாத ஆயிரம் குதிரைகளுக்குப் பிறந்த ஆயிரம் சாதாரணக் குட்டிகளைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை. குலவரலாறு என்பது பெருமைப் பத்திரம் அல்ல. அது ஒரு முன்னறிவிப்பு. தாய், தகப்பன், பாட்டன் எப்படி இருந்தார்கள் என்று தெரிந்தால், பிறக்கப்போவது எந்த எல்லைக்குள் இருக்கும் என்று ஓரளவு சொல்லலாம். தெரியாவிட்டால் அந்த எல்லை அகன்றுவிடும். பிறப்பது மோசமாக இருக்கும் என்பதல்ல, எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்பதே உண்மை.

அதே வேளையில் ஏட்டில் உள்ளது எல்லாம் நல்லது என்பதும் இல்லை என்றார் அவர். அமெரிக்காவின் குவார்ட்டர் இனத்தில் 1969 இல் பிறந்த 'இம்ப்ரெசிவ்' என்ற பொலிக்குதிரை கண்காட்சிகளில் பெரும் புகழ் பெற்றது. திரண்ட தசைகள். எல்லோரும் அதன் வழியிலேயே குட்டி எடுத்தனர். பின்னர்தான் தெரிந்தது, தசைகள் திடீரென நடுங்கி விலங்கு விழுந்துவிடும் ஒரு பரம்பரை நோயும் அந்த வழியிலேயே பரவிவிட்டது என்பது. தூய அராபியக் குதிரைகளில் நோயெதிர்ப்புச் சக்தியே இல்லாமற் குட்டி பிறந்து ஒரு சில மாதங்களில் இறக்கும் பரம்பரைக் குறைபாடு ஒன்று உண்டு. தாயும் தகப்பனும் பார்வைக்குக் குறையற்றவையாக இருக்கும். ஏடு சுத்தமாக இருக்கும். குட்டி மாத்திரம் தங்காது. இன்று பிடரி மயிரை வேரோடு பிடுங்கி ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் இத்தகைய குறைகளைச் சொல்லிவிடுகிறார்கள். எந்த இனத்துக்கு நெருக்கம் என்பதையும் ஓரளவு சொல்கிறார்கள். மூலம் தெரியாமைக்கு அது ஒரு பாதி மருந்து.

ஆகவே மூலம் தெரியாது என்பது தடையல்ல. அது ஒரு கேள்வியை வேறு கேள்விகளாக மாற்றுகிறது, அவ்வளவே. ஏடு இல்லாதவிடத்து உடலைப் பார்க்க வேண்டும். கால் எலும்பு நேரா, குளம்பு இறுக்கமா, மூச்சு எப்படி, பல் எப்படி, மிரளுமா, கடிக்குமா, உதைக்குமா? இதற்குக் குட்டி பிறந்தால் அது எதற்கு? அதனை யார் வைத்திருப்பார்? தீனி எங்கே?

இந்த வரிசையில் போனபோதுதான் நண்பரின் திட்டம் ஒவ்வோர் இடமாக ஆட்டங் காணத் தொடங்கியது.

முதலில் வயது. தாயாரிடம் சொல்லி, யாழ்ப்பாணத்திலிருந்து வேறு அலுவலாகத் தீவுக்குச் சென்ற மிருக வைத்தியரைக் கொண்டு குதிரையின் வாயைத் திறந்து பார்க்க வைத்தோம். கீழ்த்தாடை முன்பற்களின் தேய்வைப் பார்த்து அவர் பதினான்கு வயது மதித்தார். மகன் அதனை ஒன்பது பத்து என்றே எண்ணிக்கொண்டிருந்தார். புலம்பெயர்ந்தவர்களுக்கு ஊரில் விட்டுவந்த எதற்கும் வயது ஏறுவதில்லை போலும். ஒரு தடவையும் ஈனாத பதினான்கு வயதுப் பெட்டை சினைப்படாது என்று இல்லை. ஆனால் இளம் பெட்டையைப்போல எளிதில் பிடிக்காது. பிடித்தாலும் நிலைப்பது குறைவு. பதினொரு மாதம் சுமக்க வேண்டும். ஈனும்போது குட்டி திரும்பியிருந்தால் நிமிடங்களில் உதவி வேண்டும். நள்ளிரவில், கடல் கொந்தளிக்கும் வாடைக்காலத்தில், நெடுந்தீவில் அந்த உதவி எங்கிருந்து வரும்? மனிதப் பிரசவத்துக்கே படகு தேடிய ஊர் அது.

இரண்டாவது, அந்தப் பந்தயக் குதிரை. சிறிய பெட்டைக்குப் பெரிய ஆணைச் சேர்த்தால் குட்டி பெரிதாகித் தாயைக் கொன்றுவிடும் என்ற பயம் எங்கள் மாட்டுக்காரரிடமும் உண்டு. இதில் ஆர்வமூட்டும் ஒரு பரிசோதனை இருக்கின்றது. 1938 இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த வோல்ற்றன், ஹமண்ட் என்னும் இருவர், உலகின் பெரிய வண்டிக்குதிரையான ஷயரையும் சின்னஞ்சிறிய ஷெற்லண்ட் மட்டக்குதிரையையும் செயற்கை முறையில் இருவழியாகவும் கலந்து பார்த்து முடிவை வெளியிட்டனர். ஷயர் தாய்க்குப் பிறந்த குட்டி, ஷெற்லண்ட் தாய்க்குப் பிறந்த குட்டியைப்போல ஏறத்தாழ மூன்று மடங்கு பாரம். இத்தனைக்கும் இரண்டும் ஒரே கலப்பு. அதாவது, குட்டி எவ்வளவு பெரிதாகப் பிறக்கலாம் என்பதைப் பெரிதும் தாயின் கருப்பையே கட்டுப்படுத்துகிறது. எனவே அந்தப் பயம் நாங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை.

ஆனால் பிறந்த பிறகு? வைத்தியர் கேட்டது அதைத்தான். இருநூறு வருடங்களாகத் தீவின் வெயிலும் உவர்நீரும் காய்ந்த புல்லும் சேர்ந்து தாங்காதவற்றைக் கழித்துத் தாங்கியவற்றை விட்டிருக்கின்றன. மூலம் தெரியாத அந்தக் குதிரைகளுக்கு எழுதப்படாத ஏடு ஒன்று இருக்குமானால் அது இதுதான். பந்தயக் குதிரையின் உடல் தானியத் தீனிக்கும் லாயத்துக்கும் பழக்கப்பட்டது. அதன் இரத்தம் கலந்த குட்டி நெடிதாக வளரும், பார்க்க இலட்சணமாக இருக்கும், ஆவணி மாதத்தில் நெடுந்தீவு வெளியில் நின்று பிடிக்காது. ஒரு குதிரைக்கு நாளொன்றுக்கு 25 லீற்றருக்குக் குறையாமல் தண்ணீர் வேண்டும். பாலூட்டும் பெட்டைக்கு அதிலும் அதிகம். நல்ல தண்ணீர்க் கிணறுகள் எண்ணக்கூடிய ஓர் ஊரில், குடிநீருக்கு மனிதர் வரிசையில் நிற்கும் மாதங்களில், அந்தத் தண்ணீரை எழுபது வயதைத் தாண்டிய தாயார் எங்கிருந்து தூக்கி வருவார்?

எங்கள் கடற்கரையில் இது புதிய அனுபவமும் அல்ல. கடல்வழியே குதிரை வந்திறங்கியதைப் பட்டினப்பாலை அறியும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அங்குள்ள அரசர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும் பொன் கொடுத்து வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதினார். பராமரிக்கத் தெரிந்தவர் இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். மிக உயர்ந்த ஆணையும் மிக உயர்ந்த பெட்டையையும் சேர்த்தாலும் அங்கே பிறப்பது கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியாகவே இருக்கிறது என்றும் அவர் குறித்திருக்கிறார். மிகைப்படுத்தல் இருக்கலாம். பயணிகள் சற்று உப்புச் சேர்ப்பார்கள், நாங்களும் பத்திரிகையில் சேர்த்திருக்கிறோம். ஆயினும் சாதியை விலைக்கு வாங்கலாம், மேய்ச்சலையும் தண்ணீரையும் பராமரிப்பையும் கூடவே வாங்க முடியாது என்பது எழுநூறு வருடங்களுக்கு முன்னரே பதிவாகிவிட்டது.

மூன்றாவது விடயம் எனக்கு அதிக கோபத்தைத் தந்தது. குட்டிகளை ஹொட்டேல்காரருக்கு விற்கலாம் என்ற தரகரின் வாக்கு. பிறப்பதில் பாதி ஆணாக இருக்கும். ஆணைப் பழக்குவதானால் விதையடிக்க வேண்டும், எங்கள் ஊர்ப் பேச்சில் நலமடிக்க வேண்டும். மாட்டுக்கு அதைச் செய்பவர் உண்டு, குதிரைக்குச் செய்யத் தெரிந்தவர் வடக்கில் எத்தனை பேர்? சரி, விற்றாயிற்று என்று வைத்துக்கொள்வோம். பிறகு? சுற்றுலாத் தலங்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் குதிரைகளை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். முதுகில் சேணப் புண்ணோடும் விலா எலும்பு தெரியவும் நின்ற ஒன்றை நான் ஒரு தடவை பார்த்தேன். அதன் சொந்தக்காரனைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவன் முகமும் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெரியவர் ஆட்டுப்பால் பருக்கி வளர்த்த குதிரையின் வம்சத்தை அங்கே கொண்டுபோய் நிறுத்துவதற்காகவா இத்தனை செலவு?

இதையெல்லாம் ஒரு நீண்ட மின்னஞ்சலாக எழுதி அனுப்பினேன். முடிவாக, வேண்டாம் என்றேன். மூலம் தெரியாது என்பதற்காக அல்ல என்பதையும் அழுத்திச் சொன்னேன். குதிரை நல்ல குதிரை. பொறுமையானது, குளம்பு உறுதியானது, பத்து வயது குறைவாக இருந்து, தீவிலேயே திரியும் ஓர் ஆணோடு சேர்ந்து, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்திருந்தால் நானே ஆம் என்று சொல்லியிருப்பேன். இப்போது வேண்டாம்.

மறுநாள் அழைத்தார். அவருடைய முதற் பேச்சு கோபமாகவே இருந்தது.

"அண்ணை, நீங்கள் சொல்லுறது விளங்குது. ஆனால் எங்கட ஆக்கள் எல்லாத்துக்கும் 'இப்ப வேண்டாம்' எண்டுதானே சொல்லுறியள்? வீட்டைத் திருத்துவம் எண்டால் இப்ப வேண்டாம். காணி உறுதி எடுப்பம் எண்டால் இப்ப வேண்டாம். ஒரு குதிரைக்குட்டிகூட வேண்டாமோ?"

அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அவர்களுடைய காணி உறுதி இடப்பெயர்வில் தொலைந்தது எனக்குத் தெரியும். அவருடைய பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் திரும்ப எடுப்பதற்குத் தகப்பனார் கச்சேரிக்கு எத்தனை நாள் அலைந்தார் என்பதும் தெரியும். கனடாவில் தஞ்சம் கேட்டு நின்றபோது, நீ யார், எந்த ஊர், யாருடைய மகன் என்பதற்கெல்லாம் கடதாசி காட்ட முடியாமல் அவர் பட்டதை ஒரு தடவை எனக்குச் சொல்லியிருக்கிறார். மூலம் தெரியாத குதிரையில் குட்டி எடுப்பது சரியோ என்று அவர் கேட்டதில் குதிரை பாதிதான் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எழுதிய மின்னஞ்சலில் அந்த மற்றப் பாதிக்கு ஒரு வரியும் இருக்கவில்லை.

ஆனாலும் என் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. தகப்பனின் நினைவைச் சுமக்கும் வேலையை அந்தக் கிழட்டுக் குதிரையின் வயிற்றில் ஏற்றுவது நியாயமல்ல என்றே இன்றும் கருதுகிறேன்.

இந்த இடத்தில் பொதுவான ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நெடுந்தீவுக் குதிரைகளுக்கு 'நல்ல சாதி' ஆணைக் கொண்டுவந்து இனத்தைத் திருத்தவேண்டும் என்று அவ்வப்போது வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் உற்சாகமாகப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். அந்த உற்சாகத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பூங்கா எல்லைக்குள் உள்ள விலங்கைப் பிடிப்பதும் தொந்தரவு செய்வதும் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறமிருக்க, ஒரு தடவை வெளி இரத்தம் கலந்துவிட்டால் இருநூறு வருடத்தில் தீவு செய்த தெரிவைத் திரும்பப் பெற முடியாது. உறவுக்குள்ளேயே கலப்பதால் அவை நலிந்துபோகும் என்ற வாதத்தை நான் தள்ளிவிடவில்லை. அது உண்மையான ஆபத்து. அப்படியானால் முதலில் மயிர் மாதிரி எடுத்துப் பரிசோதிக்கட்டும். எத்தனை குதிரைகள் உண்டு, ஆண் எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை தங்குகிறது என்று எண்ணட்டும். எண்ணாமல் திருத்தப் புறப்படுவது வேண்டாம்.

மற்ற நாடுகள் இரண்டு வழிகளையும் செய்து பார்த்திருக்கின்றன. கனடாவின் கிழக்கே அத்திலாந்திக்கில் சேபிள் என்றொரு மணல் தீவு. அங்கும் மனிதர் விட்டுப்போன குதிரைகள்தான். 1961 இல் அவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கி, அன்று முதல் தீனி வைக்காமலும் பிடிக்காமலும் அவற்றின் போக்கில் விட்டுவிட்டனர். அமெரிக்காவின் வேர்ஜீனியாக் கரையில் சின்கொற்றீக் மக்கள், ஆண்டுதோறும் யூலை மாதத்தில் தீவுக் குதிரைகளை நீந்தவிட்டுக் கரையேற்றி, குட்டிகளை ஏலத்தில் விற்று, மந்தையை மேய்ச்சல் தாங்கும் அளவில் வைத்திருக்கிறார்கள். ஏலப் பணம் ஊர்த் தீயணைப்புப் படைக்குப் போகிறது. இரண்டில் எது எங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீவு மக்கள்தான் சொல்லவேண்டும். ரொறன்ரோவிலோ கொழும்பிலோ இருந்து நாங்கள் சொல்வதற்கில்லை. என்னைக் கேட்டால், வறட்சி மாதங்களில் குதிரைகள் குடிக்க நாலைந்து இடங்களில் தண்ணீர்த் தொட்டி இருந்தாலே பெரிய காரியம்.

நண்பர் ஆறு வாரங்கள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு நாள் தாயாரே அழைத்தார். பொலிக்குதிரைக்கென்று வைத்திருந்த காசில் மகன் வளவுக்குப் பின்புறம் சீமெந்துத் தொட்டி ஒன்று கட்டுவித்திருக்கிறானாம். பவுசரில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புவதற்கு ஓர் ஆளுக்கும் மாதம் மாதம் பணம் அனுப்புகிறானாம்.

"நல்லது அம்மா" என்றேன்.

"நல்லதுதான். ஆனால் இப்ப ஒரு புதுக்கரைச்சல் தம்பி" என்றார். "தண்ணிக்கெண்டு வெளியில இருந்து ஒரு கறுவல் குதிரை வரப் பழகியிட்டுது. நெற்றியில வெள்ளை. விடியப்புறம் வந்து மதிலுக்கு அங்கால நிற்கும். எங்கட ஆள் இங்கால நிற்கிறா. நான் கல்லெறிஞ்சும் போகுதில்லை. மதிலில ரெண்டு கல்லை வேறை தட்டி விழுத்திப் போட்டுது. அதைத் திருப்பி அடுக்கச் சொல்லவோ, விடவோ எண்டு மகனைக் கேட்டன். உங்களைக் கேட்கச் சொன்னவன்."

கல்லை அடுக்குமாறு நான் இன்னும் சொல்லவில்லை.